சாவிகளுக்கும் ஒரு காப்பகம் வேண்டும்: கையடக்க விளையாட்டுக் கருவிகளும் மலேசியச் சட்டமும்

நிண்டெண்டோ சுவிட்ச் போன்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றின் எமுலேட்டரை, அதாவது அந்தக் கருவியைப் போல் இயங்கும் மென்பொருளை, கணினியில் நிறுவுகிறவர், விளையாட்டு சீராக ஓடுமா என்று பார்ப்பதற்கு முன்பே ஓரிடத்தில் நின்றுவிடுவார். மென்பொருள் திறக்கும், விளையாட்டுக் கோப்பையும் கண்டுகொள்ளும். ஆனால் சாவிகள் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அது கேட்பது ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு பெயர், ஒரு சமக்குறி, அதை அடுத்துப் பெரும்பாலும் 32 பதினாறடிமான எழுத்துகள். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிட இந்தக் கோப்பு மிகச் சிறியது.

2024ஆம் ஆண்டில் 24 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சமரசமான ஒரு வழக்கு இந்தச் சிறு கோப்பைச் சுற்றியே நடந்தது. கருவியை விலை கொடுத்து வாங்கியவருக்கு அதன் சாவி சொந்தமா என்ற கேள்விக்கு உலகின் பல நாடுகளில் இன்னும் தெளிவான விடை இல்லை. மலேசியச் சட்டத்தில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதியை எப்படி எழுதலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரை. அதற்கான முன்மாதிரி பேராக் மாநிலத்தின் தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

பூட்டு வளர்ந்த கதை

1989இல் வந்த கேம் பாய் கருவியில் மறைகுறியாக்கமே கிடையாது. அட்டையைச் செருகியதும் அதிலுள்ள நிறுவனச் சின்னம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கருவி பார்க்கும். உள்ளிருக்கும் நிரல் எவரும் படிக்கத்தக்க வடிவில் இருந்தது. அந்தக் காலத்து விளையாட்டுகளை இன்றைய கைப்பேசியிலும் எளிதாக இயக்க முடிவது அதனால்தான். 2004இல் வந்த டிஎஸ் கருவி, நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் மறைகுறியாக்கியது. 2011இல் வந்த 3டிஎஸ், சாவிகளைக் கலந்து உருவாக்குவதற்கென்றே வன்பொருளில் தனி அமைப்பு ஒன்றைக் கொண்டிருந்தது. 2017 மார்ச் 3 அன்று விற்பனைக்கு வந்த சுவிட்ச் கருவியில் ஏறக்குறைய எல்லாமே பூட்டிய நிலையில்தான் இருக்கிறது.

பூட்டின் வகை ஏ.இ.எஸ். எனப்படும் முறை. யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜிய அறிஞர்கள் வடிவமைத்த இதை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2001 நவம்பரில் பொதுத் தரமாக ஏற்றது. முறையில் எந்த இரகசியமும் இல்லை. அதன் ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, வங்கிகளும் அரசுகளும் அதையே பயன்படுத்துகின்றன. பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் கிடைத்தாலும் சாவி கிடைக்காதவரை செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று ஆகஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் 1883இல் வகுத்த கொள்கையின் வழியில் வந்தது இது. 128 பிட் நீளச் சாவியில் இருக்கக்கூடிய வாய்ப்புகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் தேவை. ஒவ்வொன்றாகச் சோதித்துச் சாவியைக் கண்டுபிடிக்க இன்றைய கணினி எதனாலும் முடியாது.

சுவிட்ச் விளையாட்டுப் பொதியில் பூட்டுக்குள் பூட்டு இருக்கிறது. பொதியின் தலைப்பகுதியைத் திறக்க ஒரு சாவி. உள்ளடக்கத்தைத் திறக்க வேறு சாவி. அதுவும் பொதிக்குள்ளேயே பூட்டிய நிலையில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி ஒரு தலைமைச் சாவியிலிருந்து பிறக்கிறது. தலைமைச் சாவியோ சில்லுக்குள் பதிக்கப்பட்ட இரகசியங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. இணையக் கடையில் வாங்கிய விளையாட்டுகளுக்கு இவற்றோடு அந்தந்தத் தலைப்புக்கு உரிய தனிச் சாவியும் உண்டு. எமுலேட்டர் பொதுச் சாவிகளுக்கு ஒரு கோப்பும் தலைப்புச் சாவிகளுக்கு இன்னொரு கோப்பும் கேட்பது இதனால்தான்.

இயக்க மென்பொருளின் சில புதிய பதிப்புகளோடு தலைமைச் சாவியின் புதிய தலைமுறை ஒன்றும் வரும். அதற்குப் பின் வெளியாகும் விளையாட்டு, பழைய தலைமுறைச் சாவிக்குத் திறக்காமல் போகலாம். சென்ற ஆண்டு எடுத்து வைத்த சாவிக் கோப்பு இந்த ஆண்டு விளையாட்டுக்குப் போதாமல் போவதற்கு இதுவே காரணம். கோப்பு பழுதாகிவிட்டதென்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கருவியின் உள்சேமிப்பகம் அந்த ஒரு கருவிக்கே உரிய சாவிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. கருவி செத்துப்போனால் சேமிப்புச் சில்லைக் கழற்றி எடுத்தாலும் பயனில்லை, அதிலிருப்பது குப்பையாகவே தெரியும். ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகளாக விளையாடிச் சேர்த்த முன்னேற்றம், மேகச் சேமிப்புக்குச் சந்தா கட்டாத வீட்டில், அந்தச் சாவியோடு சேர்ந்தே அழிந்துபோகும்.

தன் சாவியைத் தானே எடுப்பது

எமுலேட்டர் பயனர்களிடையே நல்ல வழக்கம் ஒன்று உண்டு. உன் கருவியின் சாவியை நீயே எடு, நீ வாங்கிய அட்டையை நீயே படியெடு, இரண்டையும் பிறருக்குக் கொடுக்காதே என்பது அது. இந்த வழக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அதைக் கடைப்பிடிப்பது எல்லோராலும் ஆகக்கூடியதாக இல்லை.

சுவிட்ச் கருவியின் மூளை என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சில்லு. அதன் தொடக்க நிரலில் உள்ள ஒரு பிழையை 2018 ஏப்ரலில் கேட் டெம்கின் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். தொடக்க நிரல், தொழிற்சாலையில் பதித்த பிறகு மாற்ற முடியாத பகுதி. அதனால் ஏற்கெனவே விற்ற கருவிகளில் அந்தப் பிழையை எந்த மென்பொருள் புதுப்பித்தலாலும் அடைக்க இயலவில்லை. பிறகு தயாரான கருவிகளில் அது சரிசெய்யப்பட்டது. ஆகவே தொடக்ககாலக் கருவியை வைத்திருப்பவரால் சாவியை எடுக்க முடிகிறது. பிந்திய கருவியை வைத்திருப்பவர் கூடுதல் சில்லைப் பற்றவைத்தாலன்றி எடுக்க முடியாது.

ஈப்போவில் பழைய கருவி ஒன்றை மலிவாக வாங்குகிறவர் அது எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று பார்த்து வாங்குவது அரிது. இருவர் ஒரே விலை கொடுத்து ஒரே பெயருள்ள கருவியை வாங்குகிறார்கள். ஒருவர் நேர்மையான வழியில் சாவி எடுக்கலாம், மற்றவருக்கு அந்த வழி மூடியிருக்கிறது. அவர் முன் எஞ்சுவது இணையத்தில் யாரோ ஏற்றி வைத்த சாவிக் கோப்பு. கருவியின் தயாரிப்பு மாதம் ஒருவரை நேர்மையின் இந்தப் பக்கமும் இன்னொருவரை அந்தப் பக்கமும் நிறுத்துகிறது என்றால், தனிமனித ஒழுக்கத்தை மட்டும் நம்பி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது.

யூசு வழக்கு சொன்னதும் சொல்லாததும்

எமுலேட்டர் என்ற மென்பொருளே குற்றம் என்று எண்ணுவோர் உண்டு. அமெரிக்காவில் சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் மீது தொடுத்த வழக்கில், பிளேஸ்டேஷன் கருவியைப் போல் இயங்கும் மென்பொருளை உருவாக்குவதற்காக அதன் உள்நிரலைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கருவியைப் போலச் செய்து காட்டுவது ஒரு வேலை, பூட்டைத் திறப்பது வேறொரு வேலை. பிந்தைய சண்டைகள் பெரும்பாலும் இரண்டாவது வேலையைப் பற்றியவை.

2024 பிப்ரவரி 26 அன்று நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை, யூசு எமுலேட்டரை உருவாக்கிய டிராபிக் ஹேஸ் நிறுவனத்தின் மீது ரோட் ஐலண்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. யூசு தன் மென்பொருளோடு சாவிகளைத் தரவில்லை, பயனரே கொண்டுவர வேண்டும். இருந்தாலும், அந்தச் சாவிகளைக் கொண்டு விளையாட்டை இயக்க நேரத்தில் திறக்கும் செயலே பூட்டை மீறுவதாகும் என்று நிண்டெண்டோ வாதிட்டது. 2023 மே 12இல் வெளியாக வேண்டியிருந்த செல்டா விளையாட்டு ஒன்று வெளியீட்டுக்கு முன்பே கசிந்து பத்து லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டதாகவும் மனுவில் குற்றம் சாட்டியது. ஒரு வாரத்துக்குள், மார்ச் 4 அன்று, 24 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. யூசு மூடப்பட்டது. அதே குழுவின் கையிலிருந்த சிட்ரா என்ற 3டிஎஸ் எமுலேட்டரும் அதோடு நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ரியூஜின்எக்ஸ் எமுலேட்டரும் முடிவுக்கு வந்தது.

சமரசம் தீர்ப்பாகாது. சொந்தக் கருவியின் சாவியால் சொந்த விளையாட்டைத் திறப்பது குற்றமா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் விடை சொல்லவே இல்லை. ஆனால் விடை கிடைத்துவிட்டதுபோல் உலகம் நடந்துகொள்கிறது. 3டிஎஸ் கருவியின் இணையக் கடை 2023 மார்ச் 27 அன்றே மூடப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்க வழியில்லை, பழையதைத் திறக்கும் மென்பொருளும் சமரசத்தில் அடிபட்டது. திருட்டால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு உண்மையானது. வெளியாகுமுன் கசியும் விளையாட்டு, அதை உருவாக்கியவர்களின் உழைப்பைத் தின்கிறது. அதைத் தடுக்க வந்த ஆயுதம், எவரும் விற்காத விளையாட்டின் மீதும் அதே வேகத்தில் பாய்கிறது என்பதுதான் என் கவலை.

மலேசியச் சட்டத்தின் பாதி விடை

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டினுடையது. அதன் 40ஆம் பிரிவு, கணினி நிரலின் மூலப்படியை வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படுத்துவதற்காக மாற்றுப்படி எடுத்து வைக்க இடம் தருகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 36ஏ பிரிவு வந்தது. தொழில்நுட்பப் பாதுகாப்பை எவரும் மீறக்கூடாது, மீறும் கருவிகளைப் பொதுமக்களுக்கு வழங்கவும் கூடாது என்கிறது அது. ஒரு பிரிவு மாற்றுப்படி எடுக்கலாம் என்கிறது, அந்தப் படியைத் திறக்கும் சாவியை எடுப்பதில் இன்னொரு பிரிவு குறுக்கே நிற்கிறது.

36ஏ பிரிவிலேயே சில விலக்குகளும் உண்டு. தனித்து உருவான ஒரு நிரலை மற்றொரு நிரலோடு இணைந்து இயங்கச் செய்வதற்காகவும், மறைகுறியாக்கத்தின் குறைகளை ஆராய்வதற்காகவும், கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பதற்காகவும் பூட்டைத் திறக்கலாம். எமுலேட்டர் உருவாக்குவோருக்கு முதல் விலக்கில் ஓரளவு வாதம் இருக்கிறது. நூலகம், காப்பகம், கல்வி நிறுவனம் ஆகியவற்றுக்கும் ஒரு விலக்கு உண்டு. ஆனால் ஒரு படைப்பை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு மட்டுமே அது பயன்படும். வாங்கிய பின் ஐம்பது ஆண்டுகள் பாதுகாக்க அதில் இடமில்லை.

பாதுகாப்பு எது என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமும் கவனிக்கத்தக்கது. பதிப்புரிமை மீறலில் முடியும் செயலைத் தடுக்கும் அல்லது கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம் என்று அது சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய இதே போன்ற சொற்களைக் கொண்டிருந்த சட்டத்தை, ஸ்டீவன்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2005இல் ஆராய்ந்தது. படியெடுத்த விளையாட்டு ஓடாமல் செய்யும் பூட்டு, படியெடுப்பதையே தடுக்கவில்லை. ஆகவே அது சட்டம் சொல்லும் பாதுகாப்பாகாது என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். மலேசிய நீதிமன்றம் அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பொதுச்சட்ட மரபில் வந்த நாடுகளின் தீர்ப்புகளை இங்குள்ள நீதிமன்றங்கள் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அப்படி ஒரு வழக்கு வரும்வரை, தன் கருவியின் சாவியை எடுக்கும் குடிமகன் குற்றவாளியா இல்லையா என்று உறுதியாக அறியாமலே வாழ வேண்டியிருக்கிறது. பிறர் சாவியைப் பரப்புவதில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அது கூடாது.

நமது படைப்புகளும் அந்தப் பெட்டிக்குள்

இது வெளிநாட்டு நிறுவனங்களின் பொம்மைச் சண்டை, நமக்கு என்ன என்று கேட்கலாம். 2023 ஜூலை 31 அன்று வெளியான 'வெண்பா' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கனடாவின் டொரொண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு உருவாக்கியது. 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. எழுத்து மங்கிப்போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விடுபட்ட படிகளை ஊகித்து இட்லியும் பிரியாணியும் சமைப்பதுதான் ஆட்டம். 2024இல் தனிப்படைப்பாளர் விளையாட்டு விழாவின் தலையாய பரிசை அது வென்றது. தமிழர் வாழ்க்கை உலக அளவில் விளையாட்டு வடிவில் பதிவான முதன்மையான சான்றுகளுள் ஒன்று. மலேசியாவின் மெட்ரோனோமிக் குழு 2020இல் வெளியிட்ட 'நோ ஸ்டிரெய்ட் ரோட்ஸ்' விளையாட்டையும் இதோடு சேர்த்து எண்ணலாம்.

இந்த இரண்டும் சுவிட்ச் கருவிக்கு வந்தவை. அந்த வடிவில் இரண்டும் பூட்டிய பொதிகள். நல்வாய்ப்பாக இரண்டும் கணினிக்கும் வந்திருப்பதால் இன்று ஆபத்தில்லை. ஒரே கருவிக்கு மட்டும் வெளியாகும் படைப்புக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் கண்டறிந்தது. அந்த ஆய்வு சுவிட்ச் தலைமுறையை எட்டாதது. கருவியில் பூட்டு பலமாகும்தோறும் எதிர்கால எண்ணிக்கை எப்படியிருக்கும் என்று நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

மலேசியாவில் எழுத்துப் படைப்புக்கான பதிப்புரிமை, ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். கணினி நிரலும் எழுத்துப் படைப்பாகவே கருதப்படுகிறது. அந்தக் காலம் முடிந்ததும் படைப்பு மக்கள் சொத்தாகும் என்பது சட்டம் சமூகத்துக்குக் கொடுத்த வாக்கு. மறைகுறியாக்கத்துக்கு அப்படி ஒரு காலவரம்பே இல்லை. சாவி தொலைந்த படைப்பு, உரிமைக்காலம் முடிந்த பிறகும் எவருக்கும் சொந்தமாகாது.

சுங்கை சிப்புட் காட்டிய வழி

பேராக் தமிழர்களின் அண்மைக்கால வரலாற்றில் இதை ஒத்த ஓர் இழப்பு நடந்திருக்கிறது. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தன. வீடு, கோயில், பள்ளி, திடல் என்று தலைமுறைகளாகப் புழங்கிய எதுவும் அவர்கள் பெயரில் இல்லை. பிற்காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும் இதே கதை தொடர்ந்தது. பயன்படுத்தும் உரிமை வேறு, வைத்திருக்கும் உரிமை வேறு என்ற பாடத்தை அந்த மக்கள் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அந்தப் பாடத்துக்கு நிறுவன வடிவம் கொடுத்தார். 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குத்தொகை திரட்டினார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம். எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் மீட்க முடியவில்லை. ஆனால் தனித்தனியாக நின்றால் எவராலும் காக்க முடியாததை ஒரு பொது நிறுவனத்தின் பெயரில் சேர்த்து வைத்தால் காக்கலாம் என்பதை அது செய்து காட்டியது.

விளையாட்டுச் சாவிகளுக்கு வேண்டியதும் இந்த ஏற்பாடுதான். ஈப்போவில் ஓர் இளைஞர் தன் கணினியில் மறைத்து வைத்திருக்கும் சாவிக் கோப்பு, அவர் கணினி பழுதாகும் நாள்வரைதான் இருக்கும். அது சட்டத்தின் நிழலில் கிடப்பதால் வெளிப்படையாகப் பேசவோ சரிபார்க்கவோ அடுத்தவருக்கு ஒப்படைக்கவோ இயலாது. பாதுகாப்பு என்பது நிறுவனத்தின் வேலை. அதற்கு முகவரியும் பொறுப்பாளரும் சட்ட அனுமதியும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, 36ஏ பிரிவில் நூலகங்களுக்குள்ள விலக்கை விரிவாக்க வேண்டும். வாங்கும் முடிவுக்காக மட்டுமன்றிப் பாதுகாப்பதற்காகவும், விற்பனை நின்றுபோன படைப்பை நூலகத்துக்குள் அமர்ந்து பயன்படுத்தத் தருவதற்காகவும் பூட்டைத் திறக்க அனுமதி வேண்டும். நூலகத்துக்கு வெளியிலிருந்து அணுக அனுமதிப்பதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. நாம் அதை முதலில் கேட்க வேண்டியதில்லை. ஈப்போ துன் ரசாக் நூலகத்தில் ஒரு மேசையும் ஒரு கணினியும் போதும்.

இரண்டாவது, ஒப்படைப்பு. நூல்களை ஒப்படைப்பதுபோல் விளையாட்டுகளையும் ஒப்படைக்கும் கடமை பிரான்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்துவிட்டது. அங்குள்ள தேசிய நூலகம் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. மலேசியாவிலும் நூலகப் பொருள்களை ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இங்கே உருவாகும் விளையாட்டுகள் பூட்டில்லாத படியாகவோ, சாவியோடு சேர்ந்தோ தேசிய நூலகத்தை அடைய வேண்டும். விற்பனையில் இருக்கும்வரை சாவி முத்திரையிட்டே இருக்கட்டும். விற்பனை நின்றதும் ஆய்வாளருக்குத் திறக்கட்டும். படைப்பாளரின் வருமானத்துக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

மூன்றாவது, சொந்தக் கருவியின் சாவியைச் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பது 40ஆம் பிரிவின் மாற்றுப்படி உரிமைக்குள் அடங்கும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நேர்மையாக நடக்க விரும்புகிறவருக்கு நேர்மையான வழி ஒன்றைத் திறந்து வைத்தால்தான், சாவியையும் கோப்பையும் பரப்புகிறவரைத் தண்டிக்கும் சட்டத்துக்கு மதிப்பு இருக்கும்.

இவை நடக்காத காரியங்கள் அல்ல. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில், அச்செழுத்தைப் படிக்க இயலாத வாசகர்களுக்காக நாடாளுமன்றம் அதே பதிப்புரிமைச் சட்டத்தில் வழி செய்தது. படைப்பைப் பெற்றும் படிக்க முடியாத நிலையில் ஒருவர் நின்றால், உரிமையாளரின் நலனைக் காத்துக்கொண்டே கதவைத் திறக்கலாம் என்று அன்று ஒப்புக்கொண்டது. நாளைய வாசகர்கள் இன்றைய விளையாட்டுகளின் முன் அந்த நிலையில்தான் நிற்கப்போகிறார்கள். அடுத்த திருத்தம் வரும்போது, நூலகர்களும் விளையாட்டுப் படைப்பாளர்களும் ஈப்போவிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோக வேண்டும்.